ஹேசல் குச்சியில் ஒன்பது வெட்டு

அயர்லாந்து, கால்வே மாவட்டம் கோர்ட் ஊர் மக்களுக்கு,

வெள்ளத் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. பட்ட பாடு உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். தினமும் போன் செய்து தவித்த என் சொந்தபந்தங்களும் படிக்கட்டும்.

மணல் மூட்டை அடுக்கியவர்கள், பிள்ளைகளை டிராக்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர்கள், சோறும் பீன்ஸ் குழம்பும் கொடுத்தனுப்பிய பிரேசில் குடும்பங்கள், எல்லோருக்கும் என் கும்பிடு. இறைச்சி ஆலை வேலைக்கென்று வந்து இந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

மேட்டு வீட்டுப் பெரியவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

ஆறு கரை உடைத்து வருவதுதான் நான் அறிந்த வெள்ளம். இங்கே ஸ்லீவ் ஆட்டி மலையிலிருந்து இறங்கும் ஆறு, சுண்ணாம்புப் பாறைக்கு வந்ததும் பூமிக்குள் போய்விடும். கொஞ்சம் தள்ளித் தலைகாட்டும், மறுபடி மறையும். கடைசியில் கின்வாரா கடலோரத்தில் ஊற்றாகக் கிளம்பும். மழை மிஞ்சினால் அடியிலுள்ள குகைகள் கொள்ளாமல், புல்வெளி வழியாகவே தண்ணீர் மேலே வந்து ஏரியாகிவிடும். அதற்கு டர்லாக் என்று பெயர். ஏறும்போது சத்தமே இருக்காது. அதனால்தான் நான் தூங்கவில்லை.

பெரியவர் முதல் நாளே ஒரு ஹேசல் மரக் குச்சியைத் தண்ணீரோரம் ஊன்றினார். தினமும் விடிந்ததும் ரப்பர் பூட்ஸோடு வந்து, நீர்மட்டத்தில் பேனாக்கத்தியால் ஒரு வெட்டு போடுவார். "இன்றைக்கு இரண்டு விரற்கடைதான் அம்மா, 2009இல் இதைவிட ஏறியது" என்பார். டீ கூடக் குடிக்க மாட்டார். ஒன்பதாம் வெட்டுக்கு அடுத்த நாள் கத்தியை எடுக்கவில்லை. ஈரத் தடத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

7ஆம் நூற்றாண்டில் மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் பகுதியை ஆண்ட குவாரே என்ற வள்ளலின் பெயர் இந்த ஊரின் ஐரிஷ் முழுப்பெயரில் இருக்கிறது. கொடுத்துக் கொடுத்தே அவர் வலக்கை இடக்கையைவிட நீண்டுவிட்டது என்பார்கள். முன்பு அதைக் கதையென்று கேட்டுக்கொண்டேன். சரி, இப்போது அந்தக் கையைப் பார்த்துவிட்டேன்.

குச்சி என் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கீழ்த்தெருவுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அடுத்த மழைக்கு அவர்கள் வாசலில் அதை நான் ஊன்றுவேன்.