இரவுப் பணியில் வார்டுக்கு இரண்டு செவிலிய உதவியாளர்கள் கேட்டுக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
செவிலிய உதவியாளர்கள்,
பெண்கள் பொது மருத்துவ வார்டு,
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகள் உள்ள வார்டுகளில் இரவுப் பணிக்கு இரண்டு செவிலிய உதவியாளர்களை நியமிக்க வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் சிஸ்டர்கள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் நோயாளியின் உடம்பைத் தொட்டுச் செய்கிற வேலை எங்களுடையது. காலை 7.30 மணிக்கு வந்ததும் பெட்ஷீட் மாற்றுவோம். எழுந்திருக்க முடியாதவர்களுக்கு வாய் கழுவி, உடம்பு துடைத்து, தலை வாரி விடுவோம். பெட்பேன் வைப்போம், யூரின் பேக்கை அளந்து கொட்டி அளவைச் சிஸ்டரிடம் சொல்வோம். அப்புறம் எக்ஸ்ரே, ஸ்கேன், லேப் என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுவோம். பகலில் மூன்று பேர் இருப்பதால் ஓடியாடிச் சமாளித்துவிடுகிறோம். இந்த மனு இரவைப் பற்றியது. இரவு 7.30 முதல் காலை 7.30 வரை எங்கள் வார்டுக்கு ஒரே ஒருவர்தான்.

பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் நினைவில்லாமல் கிடப்பவர்களையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் நின்று, தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏர் பெட் என்கிற காற்று மெத்தை போட்டாலும் திருப்பாமல் விட முடியாது.

ஐயா, ஒருவரைத் திருப்புவது இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கம் சாய்க்க வேண்டும். மற்றவர் முதுகுக்குத் தலையணை கொடுத்து, மூக்குக் குழாயும் யூரின் டியூபும் இழுபடாமல் பார்த்து, ஈரமாகிவிட்ட துணியை உருவ வேண்டும். தனியாளாகச் செய்தால் தூக்க முடியாமல் இழுக்கத்தான் வருகிறது. இழுத்தால் பெட்ஷீட்டில் உரசித் தோல் உரிகிறது. புண் வரக்கூடாது என்று திருப்பப்போய், திருப்புவதாலேயே புண் வருகிறது. எங்கள் இடுப்பு வலியை இங்கே எழுத வரவில்லை. அது எங்கள் எல்லோருக்கும் உண்டு.

சென்ற மாதம் ஓர் இரவில் திருப்பிவிட வேண்டிய நோயாளிகள் 11 பேர் இருந்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு ஆறு முறை, மொத்தம் 66 முறை. அன்று செய்ய முடிந்தது 38. நடுவில் கேஷுவாலிட்டியிலிருந்து இரண்டு அட்மிஷன் வந்தது. ரத்தம் வாங்க அடுத்த கட்டடத்தில் இருக்கும் ரத்த வங்கிக்குப் போய்க் காத்திருக்க வேண்டி வந்தது. விடியற்காலையில் ஒரு பாட்டி இறந்துபோனார். உடம்பைத் துடைத்து, துணி சுற்றி, அடையாளச் சீட்டுக் கட்டி, மகள் அழுது முடிக்கும்வரை உடன் நின்று, பிணவறைக்குக் கொண்டுபோய் விட்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க வார்டில் சிஸ்டர் ஒருவர் மட்டும்தான். அவர் ஊசி போடுவாரா, பெட்பேன் வைப்பாரா? ஆனாலும் கூப்பிட்டபோதெல்லாம் வந்து கைகொடுக்கிற சிஸ்டர்கள் அவர்கள். அவர்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

கூட ஆள் இருக்கும் நோயாளிக்கு மகளோ மருமகளோ உதவிக்கு வந்துவிடுவார்கள். பகல் முழுக்க கட்டிலடியில் உட்கார்ந்திருந்தவர்களை நடு இரவில் எழுப்பிப் "பிடிம்மா" என்று கேட்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆள் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தார் என்று 108 ஆம்புலன்சில் ஓர் அம்மா வந்தார். பெயர் சொல்ல வாய் வரவில்லை, கேஸ் ஷீட்டில் "அடையாளம் தெரியாதவர்" என்றே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் துடைக்கும்போது வால் எலும்புப் பக்கம் தோல் கருத்திருந்ததைப் பார்த்தோம். பக்கவாதத்துக்கான சிகிச்சை மூன்று வாரத்தில் முடிந்தது. புண் ஆற மேலும் இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தினமும் டிரெஸ்ஸிங். அவர் ஒரு முறைகூட எங்களைத் திட்டவில்லை. டிரெஸ்ஸிங் செய்யும்போது எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். முதல் நான்கு இரவுகள் இன்னொரு ஆள் இருந்திருந்தால் அந்தப் புண்ணே வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறோம்.

ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கிறார்கள் என்று எங்களைப் பற்றிப் புகார் வருவது தங்களுக்கும் தெரிந்திருக்கும். கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறுதான், நடவடிக்கை எடுங்கள். அதற்காக இந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பொது மருத்துவம், நரம்பியல், எலும்பு முறிவு ஆகிய வார்டுகளில் இரவுப் பணிக்கு இரண்டு செவிலிய உதவியாளர்கள் இருக்கும்படி செய்யத் தாங்கள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். நிரந்தரப் பணியிடம் நிரப்பத் தாமதமாகும் என்றால், அதுவரை ரத்த வங்கிக்கும் லேபுக்கும் பிணவறைக்கும் போய்வர இரவில் தனியாக ஓர் ஆளையாவது கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் வார்டில் இருப்பவர் வார்டிலேயே இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. அழுக்குத் துணியை உதறும்போது உள்ளே கிடந்த ஊசி எங்களில் ஒருவர் கையில் குத்தியது. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. எங்களோடு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மூன்று தவணை ஊசியும் இன்னும் போடப்படவில்லை. அதற்கும் உத்தரவிட வேண்டுகிறோம்.

சென்ற மாதம் தொடர்ந்து 14 இரவுகள் ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொரு கட்டிலிலும் எத்தனை மணிக்குத் திருப்பினோம் என்று எழுதி வைத்தோம். திருப்ப முடியாத இடங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். நோயாளிகளின் பெயர் இல்லாமல், கட்டில் எண் மட்டும் உள்ள நகலை இத்துடன் இணைத்திருக்கிறோம். தாங்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலிய உதவியாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: இரவுப் பணி நோட்டு நகல், 14 பக்கங்கள்