அது ஏரி அல்ல, அணை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கோடைச் சுற்றுலாப் பக்கத்தில் உத்தராகண்ட் மாநிலத்தின் கார்பெட் புலிகள் காப்பகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். திக்காலாவில் யானைகள் மேயும் படத்துக்குக் கீழே ‘இயற்கையான ஏரிக்கரையில்’ என்று அச்சாகியிருக்கிறது. அது ஏரி அல்ல. ராம்கங்கை ஆற்றின் குறுக்கே காலாகரில் 1974-இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கம்.

பொதுப்பணித் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் பவானிசாகரில். கரையில் வெளுத்துக் கிடக்கும் கோடுகளைப் பார்த்தே தண்ணீர் எதுவரை ஏறி இறங்கியது என்று சொல்லிவிடுவேன். சென்ற ஆண்டு மே மாதம் திக்காலா விடுதியில் இரண்டு இரவுகள் தங்கியபோது என் கண் முதலில் போனது அந்தக் கோடுகளுக்குத்தான்.

அந்தத் தண்ணீருக்கு அடியில் கிடப்பது புல்வெளி. அங்கே ‘சௌர்’ என்கிறார்கள். சால மரக் காட்டுக்கு நடுவே ஆற்றையொட்டி விரிந்த சௌர்கள் மான்களின் மேய்ச்சல் நிலம். மான் இருந்தால்தான் புலி. பள்ளத்தாக்கில் சுமார் 40 சதுர கிலோமீட்டர் மூழ்கிப்போனது. தலையைத் தாழ்த்திப் பன்றிபோல் புல்லுக்குள் நுழைந்து ஓடும் பன்றிமானுக்கு, உயர்ந்த புல்லை விட்டால் ஒதுங்க வேறு இடம் ஏது?

1936-இல் ஹெய்லி என்ற பெயரில் நாட்டின் முதல் தேசியப் பூங்காவான காடு இது. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை 1973 ஏப்ரல் 1 அன்று தொடங்கியதும் இதே திக்காலாவில்தான். அடுத்த ஆண்டே அணை வேலை முடிந்தது. அணைகளைத் தூற்ற நான் வரவில்லை. பவானிசாகர் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றவன். ஆனால் கொடுத்த விலையை மறைத்து எழுதுவது சரியல்ல.

யானைகள் அங்கே கூடுவதற்கும் அணைதான் காரணம். கீழே உத்தரப் பிரதேச வயல்களுக்குத் தண்ணீர் போகப் போக, கோடையில் மட்டம் இறங்கும். நீர் விலகிய ஈர மண்ணில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடிக் கூட்டங்கூட்டமாக வந்துவிடுகின்றன. பவானிசாகரிலும் இதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இத்தனை யானைகளை ஒரே பார்வையில் கண்டதில்லை. ஒரு மாலை 63 வரை எண்ணினேன். குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டே இருந்ததால் கணக்கு தவறிப்போனது.

மறுநாள் ஆற்று மணல்திட்டில் ஒரு கரியால் முதலை கிடந்தது. மீனைத் தின்று வாழும் சாது. மெலிந்து நீண்ட மூக்கின் நுனியில் சின்னக் குடத்தைக் கவிழ்த்ததுபோல் ஒரு புடைப்பு. அப்படி இருந்தால் ஆண். அதற்குள் எதிரே வந்த ஜீப்காரர் புலி நடமாட்டம் என்று சொல்ல, உடன் வந்தவர்கள் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. புலியும் கிடைக்கவில்லை.

தங்கள் கட்டுரையிலும் பெரும்பகுதி புலிதான். 2022 கணக்கெடுப்பின்படி 260 புலிகள், நாட்டிலேயே அதிகம், மகிழ்ச்சிதான். அந்தப் புலிகளுக்கு இரை தரும் புல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

படக்குறிப்பைத் திருத்துங்கள். மழைக்காக மூடப்படும் திக்காலா நவம்பர் நடுவில் மறுபடி திறக்கும்போது, அணைக்கு முந்தைய வரைபடம் ஒன்றைத் தேடியெடுத்து இன்றைய வரைபடத்தின் பக்கத்தில் வெளியிடுங்கள்.

— ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர், சத்தியமங்கலம்