வினாடி வினாவில் நம்ம ஊர் ஸ்டுடியோக்கள் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கல்லூரி மாணவர்களுக்காக வரும் சினிமா, தொலைக்காட்சி வினாடி வினாவை விடாமல் படித்து வருகிறேன். பிள்ளைகள் பேப்பரைக் கையில் எடுப்பதற்கு இப்படி ஒரு பகுதி அவசியம் வேண்டும். ஆனால் போன வாரக் கேள்விகளில் லூமியே சகோதரர்கள் இருந்தார்கள், ஆஸ்கர் இருந்தது, கொரியத் தொடர்கூட இருந்தது. கோவையும் சேலமும் மருந்துக்கும் இல்லை. கோவைப் பதிப்பிலேயே இப்படி என்றால் மனசு கேட்கவில்லை.

அண்மையில் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த சினிமா வினாடி வினாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். மலையாளத்தின் முதல் பேசும் படம் எது என்று கேட்டதும், 'பாலன்', 1938 என்று ஒரு மாணவி பட்டென்று சொன்னார். சரி, அதை எங்கே எடுத்தார்கள் என்றேன். கொச்சி என்றார்கள், திருவனந்தபுரம் என்றார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ என்று நான் சொன்னபோது, சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு பையன் எழுந்து, "ஏற்காடு ரோட்டுல ஒரு ஆர்ச் நிக்குதுங்களே சார், அதுங்களா?" என்றான். அதேதான். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள் வந்துவிட்டன. தினமும் பஸ்ஸில் அந்த வளைவைக் கடந்து போகிறவன் அவன். அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எது முதல், யார் முதல் என்று கேட்டு நிறுத்திக்கொள்வதுதான் குறை என்பேன். ஏன் சேலத்தில் எடுத்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், ஒரு காலமே கண்முன் விரியும். கேரளத்தில் அன்று பேசும் படம் எடுக்க ஸ்டுடியோ கிடையாது. அதற்குச் சில வருடம் முன்புவரை தமிழுக்கே அந்த நிலைதான். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் பம்பாயில் உருவானது. திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம், நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, லீட்ஸ் வரை போய் நெசவுத் தொழில் படித்தவர். ஆரம்பத்தில் கூட்டாளிகளோடு படமெடுக்க அவரும் கல்கத்தாவுக்குத்தான் போனார். நடிகர், வாத்தியக்காரர், சமையல்காரர் எல்லாரையும் ரயிலேற்றிக் கூட்டிப்போய் மாதக்கணக்கில் தங்கவைத்த காலம் அது. ஊர் திரும்பியவர் சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவி, படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் லேப் என எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் கொண்டுவந்தார். கண்ணதாசன் அங்கே கதை இலாகாவில் வேலை பார்த்தார். கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' 1950இல் அங்கிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்தது.

கோவைக் கதை இன்னும் பழையது. சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே ஊழியர். 1905இல் திருச்சியில் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். அப்புறம் 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னாளில் டிலைட் என்று பேர் மாறிய தியேட்டர். வெரைட்டி ஹால் ரோட்டில் நடக்கிற எத்தனை பேருக்கு அந்தப் பேர் ஒரு சினிமாக் கொட்டகையால் வந்தது என்று தெரியும்? தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் இதுவா, சென்னை மவுண்ட் ரோட்டின் எலக்ட்ரிக் தியேட்டரா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எலக்ட்ரிக் 1913இலேயே வந்துவிட்டது. ஆனால் இந்தப் போட்டியைவிட, கூடாரத்தோடு அலைந்த ஒரு மனிதர் ஏன் கல் கட்டடத்துக்கு மாறினார், யார் வந்து படம் பார்த்தார்கள் என்பதுதான் மாணவர்கள் தேடிப் போக வேண்டிய விஷயம்.

கோவை சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் ஜுபிடர் பிக்சர்ஸின் 'ராஜகுமாரி' உருவானது. 1947இல் வெளிவந்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். எனக்கு ரொம்பப் பிடித்தது பட்சிராஜா ஸ்டுடியோவின் கதை. நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலை அதன் அதிபர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் படமாக்கினார். கதை நம்ம பக்கத்துக் கவிஞருடையது, ஸ்டுடியோ கோவையில். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. நாயுடு அத்தோடு நிற்காமல் தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் என்று அதே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். இந்தியில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்த 'ஆசாத்' அதுதான். பான் இந்தியா என்று இன்று பேசும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் ஏது?

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை மாணவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். இடைவேளையில் அணாக் கணக்கில் விற்ற மெல்லிய புத்தகம். முதலில் நடிகர் பட்டியல், அடுத்து கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்தியிருப்பார்கள். பிறகு பாட்டும் ராகமும். ஒலிப்பதிவு யார், லேப் யார், எந்த ஊர் அச்சகம் என்பதெல்லாம் சின்ன எழுத்தில் கிடக்கும். ஒரு மாணவர் அந்தச் சின்ன எழுத்திலிருந்தே ஆய்வு தொடங்கலாம்.

தொலைக்காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்பது எல்லா வினாடி வினாவிலும் வருகிறது. கொங்குக் கிராமங்களில் அது எப்போது, யார் வீட்டுத் திண்ணையில் தெரிந்தது, நோம்பித் திருவிழாவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டது எப்போது என்பதை எழுதிவைத்தவர்கள் குறைவு.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வாரா வாரம் ஒரு கேள்வியாவது இந்த மண்ணைப் பற்றி இருக்கட்டும். விடையோடு ஏன், எப்படி என்று நாலு வரி விளக்கமும் போடுங்கள். அடுத்து, ஸ்டுடியோவிலும் டூரிங் டாக்கீஸிலும் வேலை பார்த்த லைட்பாய், ஆபரேட்டர், ஒப்பனைக்காரர் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ப் பேசி மாணவர்கள் எழுதி அனுப்பினால் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அவர்களுக்கெல்லாம் எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வருகிற பருவத்திலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பெருந்துறை.