டி.எஸ்.எச். 14

அன்புள்ள செல்விக்கு,

நேற்று போனில் நீ சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்திருக்கிறது, எனக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, இனி உப்பையே குறைக்கப் போகிறேன் என்றாய். தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். 21 வருஷமாகத் தைராய்டு மாத்திரையை முழுங்குகிறவள் சொல்கிறேன், கேள்.

டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து வருவதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது கழுத்தில் இருக்கும் தைராய்டைக் கூப்பிடும் குரல்தான் டி.எஸ்.எச். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது அடுப்படியிலிருந்து உன்னை எழுப்புவேனே, அந்த மாதிரி. முதலில் சாதாரணமாக ஒரு 'செல்வி'. நீ அசையாவிட்டால் கொஞ்சம் ஓங்கி. அப்புறம் தெருவுக்கே கேட்கும். நீ பல் தேய்க்கும் சத்தம் வந்ததும் நான் அடங்கிவிடுவேன். தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ரத்தத்தில் போதுமான அளவு வந்துவிட்டால் பிட்யூட்டரியும் அப்படித்தான் அடங்கும். நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது 14-க்குப் போயிருக்கிறது என்றால், உன் தைராய்டு எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். அதே தாளில் டி4, அதாவது தைராக்ஸின், குறைவு என்று போட்டிருப்பதையும் பார்.

உப்பைக் குறைப்பதால் இது சரியாகாது. தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 அயோடின் அணுக்கள் உண்டு. வழக்கமான அயோடின் உப்பையே போடு. சமைத்த முட்டைகோஸையும் பயப்படாமல் சாப்பிடு, தைராய்டுக்கு ஆகாது என்று பெரியம்மா என்ன சொன்னாலும்.

இதயம் அடிக்கும் வேகம், உடம்பின் சூடு, குடலின் நகர்வு, எல்லாவற்றிலும் தைராக்ஸினுக்குப் பங்கு இருக்கிறது. தம்பி பிறந்த பிறகு எனக்குச் சித்திரை மாதத்தில் குளிரும். குளியலறைச் சல்லடையில் தினமும் ஒரு கொத்து முடி. மாவாட்ட உட்கார்ந்தால் அப்படியே கண் சொருகும். பார்த்த டாக்டர் இரண்டு வருஷம் சத்து டானிக் கொடுத்தார். உன் ஆச்சி சோம்பேறி என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இவ்வளவும் பட்டவள், போன பொங்கலுக்கு நீ ஒன்பது மணி வரை தூங்கியதற்கு என்ன பேச்சுப் பேசினேன். அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம்.

'வாழ்நாள் முழுக்க மாத்திரையா' என்று அழுதாய். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் மர்ரே என்ற டாக்டர், இதே நோய் முற்றிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் இன்னும் 28 வருஷம் இருந்தாள். அதற்கு 870 ஆடுகளுக்கு மேல் வேண்டியிருந்ததாம்! உனக்கு எழுதியிருப்பது தினமும் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின். ஒரு கிராம் தங்கக் காசு எடைக்கு மருந்து இருந்தால் 54 வருஷம் ஓடும். அவ்வளவு துளிதான் உடம்பு கேட்கிறது.

ஆனால் அந்தத் துளி ஒழுங்காக உள்ளே போக வேண்டும். எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி ஒரு மணி நேரம் கழித்து. நானும் முதல் வருஷம் மாத்திரையையும் காபியையும் ஒன்றாக முழுங்கிவிட்டு, டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை என்று டாக்டரோடு சண்டை போட்டவள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளிப் போடு. பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதே. இது ரத்தத்தில் மெல்லத்தான் நிலைக்கு வரும், அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தவும் கூடாது.

தீபாவளிக்கு வரும்போது புது ரிப்போர்ட்டையும் கொண்டு வா. எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் எழுப்புவேன், மறுநாள் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்துகொள்.

அன்புடன்,
அம்மா