காலி வண்டிக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்ககிரியில் மூன்று லாரிகள் வைத்துத் தொழில் செய்து வருகிறேன். நாங்கள் வழக்கமாக லோடு ஏற்றும் ஒரு தொழிற்சாலையிலிருந்து சென்ற மாதம் படிவம் ஒன்று வந்தது. சரக்குப் போக்குவரத்தின் கார்பன் உமிழ்வைக் கணக்கிடப் போகிறார்களாம். வண்டி எண், ஏற்றிய எடை, சென்ற தூரம், மைலேஜ் ஆகிய நான்கையும் நிரப்பித் தர வேண்டுமாம். மைலேஜுக்கு இருந்தது ஒரே கட்டம். லோடு வண்டிக்கு ஒரு மைலேஜ், காலி வண்டிக்கு ஒன்று, தொப்பூர் கணவாய் ஏறினால் வேறொன்று என்பது ஸ்டியரிங் பிடித்த எவருக்கும் தெரியும். எதை எழுதுவதென்று புரியாமல் 5 என்று போட்டு அனுப்பிவிட்டேன். அந்த ஐந்து இந்நேரம் ஏதோ ஓர் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

கேட்பதைக் குறை சொல்லவில்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தருவதை 2022-23 நிதியாண்டு முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு கட்டாயமாக்கியுள்ளது. வாடகை லாரிகளின் உமிழ்வைச் சொல்வது அதில் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தாலும், வெளிநாட்டில் சரக்கு வாங்குவோர் அதையும் கேட்கத் தொடங்கிவிட்டதால் கேள்வி எங்கள் வரை வந்து சேருகிறது. ஆனால் கேட்கும் முறையில்தான் கோளாறு இருக்கிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 20 டன் சரக்கோடு 300 கிலோமீட்டர் போகும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 75 லிட்டர் டீசல், அதாவது 201 கிலோ உமிழ்வு. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகச் சுமார் 34 கிராம் வருகிறது. படிவத்தின் கணக்கு இதோடு முடிந்துவிடும். ரிட்டன் லோடு கிடைக்காமல் அதே வண்டி காலியாகத் திரும்பினால், லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தாலும் இன்னும் 50 லிட்டர் எரியும். அதையும் சேர்த்தால் 34 என்பது 56 ஆகிறது. சரக்குப் போக்குவரத்தின் உமிழ்வைக் கணக்கிட 2023-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 14083 என்ற சர்வதேசத் தரநிலையும் காலி ஓட்டத்தைச் சேர்த்தே கணக்கிடச் சொல்கிறது.

காலி ஓட்டம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. சரக்கு இருந்தால்தான் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு). காலி வண்டிக்கு அது கிடையாது என்பதால், பில்லை வைத்துத் தூரம் கணக்கிடுபவர்களுக்குத் திரும்பி வந்த வண்டி வராத வண்டிதான். (சுங்கச்சாவடி மட்டும் ஏமாறுவதில்லை, காலியாக வந்தாலும் ஃபாஸ்டேக்கில் பணத்தை எடுத்துவிடுகிறது.) எங்களிடமோ டிரைவர் எழுதும் டீசல் நோட்டு இருக்கிறது. எந்த பெட்ரோல் பங்கில் எத்தனை லிட்டர், அப்போது மீட்டர் எவ்வளவு என்று விரல் கறையோடு அதில் எழுதியிருக்கும். அதைவிட நம்பகமான கார்பன் கணக்கு எங்கும் கிடைக்காது. அதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலியாகத் திரும்புவது பெரும்பாலும் எங்கள் விருப்பத்தால் நடப்பதன்று. காலையில் போய்ச் சேர்ந்த வண்டியை இறக்க ஆளில்லை, கிடங்கில் இடமில்லை என்று மறுநாள் மாலை வரை வாசலில் நிறுத்தி வைக்கிறார்கள். புக்கிங் ஆபீஸில் பேசி வைத்திருந்த ரிட்டன் லோடு அதற்குள் வேறு வண்டிக்குப் போய்விடுகிறது. அந்த 50 லிட்டருக்கு எங்களோடு சேர்ந்து வாசலில் நிறுத்தியவர்களும் பொறுப்பு. டயரில் காற்று சரியாக இருக்கிறதா, டிரைவருக்குப் பயிற்சி கொடுத்தீர்களா என்று எங்களைக் கேட்கும் நிறுவனங்கள், சொன்ன நேரத்தில் சரக்கை இறக்கிவிட்டாலே உமிழ்வு கணிசமாகக் குறையும். செலவும் எங்களுக்கு மிச்சமாகும். அதில் ஒரு பங்கை வாடகையில் விட்டுக்கொடுக்கவும் நான் தயார்.

அடுத்த காலாண்டிலும் படிவம் வரும் என்கிறார்கள். திரும்பி வந்த தூரம், வாசலில் காத்திருந்த நேரம் ஆகிய இரண்டுக்கும் கட்டம் சேர்த்து அனுப்பினால், டீசல் நோட்டைப் பார்த்து நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
சங்ககிரி.