மாணவர் திரைக்கலைக் கழகம், பினாங்கு: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஆலோசகர் ஆசிரியர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024ஆம் ஆண்டில் நமது கழகம் செய்த பணிகளையும் செய்ய இயலாமற்போனவற்றையும் இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் உறுப்பினர்கள் தொண்டாற்றினர். ஒருநாள் ஒளிப்பதிவுப் பட்டறை நடைபெற்றது. தீபாவளி விருந்து வழக்கம்போல் சிறப்பாக நடந்தது. திரையிடல்கள் ஆறு நடந்தன, அவற்றுள் எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ குறித்துத்தான் நெடுநேரம் பேசினோம். பாடல் ஒன்றுகூட இல்லாத அந்தப் படம் நாயகன் சுடப்படுவதிலேயே தொடங்கிவிடுகிறது. சுட்டது யார், ஏன் என்று தெரிந்துகொள்ளவே மீதிப் படம் முழுவதும் அமர்ந்திருக்கிறோம். குற்றப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் நாமே எடுத்துப் பார்ப்போம் என்ற தீர்மானம் அன்று மாலைதான் நிறைவேறியது. கைதூக்கி ஆதரித்தவர்கள் பத்தொன்பது பேர் என்பது கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது.

அந்தத் தொடக்கக் காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு நிமிடம் பத்து நொடிப் படத்துக்காக ஓராண்டையும் கழகப் பணத்தையும் செலவழிக்கலாமா என்று நமது புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்கப்பட்டது. குற்றப் படம் என்றாலே நம் இளைஞர்களைக் குண்டர்களாகக் காட்டுவதுதானே என்றும் கேட்கப்பட்டது. இரண்டாவது கேள்வி நியாயமானது என்று நானும் கருதுகிறேன். இந்த நாட்டில் தமிழ் இளைஞன் என்றால் பாராங்கத்தியும் சங்கிலியுமாகத் திரையில் தோன்றுவது நம்மில் பலருக்கும் வேதனை தரும் பழக்கம். கதை எழுத உட்கார்ந்தபோது முதலில் நீக்கியதும் அதைத்தான். முதல் வரைவில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைப்பதில்லை என்று ஆலோசகர் ஆசிரியர் எடுத்துக்கூறியதும் அதையும் எடுத்துவிட்டோம். எடுத்தபின்தான் கதை நம் கதையாயிற்று.

நாங்கள் எடுத்துக்கொண்ட குற்றம் கூட்டுப் பணம், அதாவது பலர் சேர்ந்து போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டுப் பணம். பூக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி அக்கம்பக்கத்தாரிடம் கூட்டுப் பிடித்து நடத்துகிறார். விடியுமுன் கடைக்கு வருகிறார். பூட்டு உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டு, வளையத்தில் தொங்குகிறது. உள்ளே கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசி ஒலிக்கிறது, அவர் எடுக்கவில்லை. வாசற்படியில் கிடக்கும் ஒரு சோடிச் செருப்பைப் பார்க்கிறார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் காட்சி. 1971ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றிக் கூட்டைத் தடைசெய்த நாடு இது. சட்டத்தின் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் இருக்கிறது. ஆகையால் பணம் பறிபோனாலும் அந்தப் பெண்மணி காவல் நிலையத்துக்குப் போகத் துணியமாட்டார். அந்தத் தயக்கத்தை ஒரு வசனமும் இல்லாமல் அவர் முகத்திலேயே காட்ட வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

படப்பிடிப்பு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாருக்குப் பக்கத்தில் ஒரு கடையின் அஞ்சடியில் (கடை முன்புள்ள கூரையிட்ட நடைபாதையில்) நடந்தது. கடைக்காரர் பெருந்தன்மையோடு மூன்று விடியற்காலைகளுக்கு இடம் தந்தார். முதல் நாள் எடுத்தது முழுவதும் வீணாயிற்று. அதற்கு நானே பொறுப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல்விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால், நொடிக்கு 30 படச்சட்டம், ஒவ்வொன்றிலும் ஒளி படும் நேரம் 1/60 நொடி என்று கைப்பேசியில் இருந்த அமைப்பை மாற்றாமலே நான் பதிவுசெய்ததால், சுவரிலும் அந்த அம்மாவின் முகத்திலும் கருங்கோடுகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நொடிக்கு 25 படச்சட்டம், 1/50 நொடி என்று மாற்றியதும் கோடுகள் மறைந்தன. இதைப் பட்டறையில் சொல்லித்தந்திருந்தார்கள். என் குறிப்பேட்டிலும் இருந்தது.

இரண்டாம் நாள் சிக்கல் ஒலியில் வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும், குவீன் வீதி மகாமாரியம்மன் ஆலயத்தின் மணியும் அந்த அஞ்சடியில் தெளிவாகக் கேட்கும். முன்னது 1801இலும் பின்னது 1833இலும் தோன்றியவை. இரண்டையும் ஒருசேரக் கேட்கும் விடியற்காலை எவ்வளவு அழகானது என்று அன்றுதான் உணர்ந்தேன். ஆனால் படத்தொகுப்பில் அந்த அழகே இடர் ஆயிற்று. கதவைத் திறக்கும்போது தொழுகை அழைப்பின் நடுப்பகுதி, உள்ளே நுழைந்ததும் அதன் தொடக்கம் என்று ஒலி முன்னும் பின்னும் தாவியது. ஆகவே காட்சியின் ஒலிகள் அனைத்தையும் தனியே மறுபதிவு செய்தோம். இரும்புக் கதவு மேலே ஏறும் ஓசையை மட்டும் அதே கடையில் பகல் நேரத்தில் ஒன்பது முறை பதிந்தோம். கதவு பாதியில் சிக்கி, ஒரு நொடி நின்று, மறுபடி ஏறிய ஒரு பதிவு கிடைத்தது. அந்த ஒரு நொடி நிசப்தத்தில்தான் திரையிடலன்று அரங்கமே அமைதியானது. படத்தைப் பற்றி நான் கற்றவற்றுள் பெரியது அது: அச்சம் பாதிக்கு மேல் காதின் வழியாகவே வருகிறது.

மூன்றாம் நாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் விரைவாக மேலேறிவிடும். விடியலுக்கு முந்தைய அந்த நீல வெளிச்சம் ஏறத்தாழ இருபது நிமிடம்தான் நீடிக்கும். அதற்குள் நான்கு ஷாட்டுகளை எடுத்தாக வேண்டும். காலை 5.30 மணிக்கு வருவதாகப் புலனக் குழுவில் ஒப்புக்கொண்டவர்கள் பதினான்கு பேர். வந்தவர்கள் ஐவர். பூக்கடை அம்மாவாக நடித்தவர் உறுப்பினர் ஒருவரின் தாயார்; வயது ஐம்பத்தெட்டு. பட்டர்வொர்த்திலிருந்து முதல்நாள் இரவே தீவுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கி, எங்கள் அனைவருக்கும் முன்பாகவே வந்து அஞ்சடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். “மத்த பிள்ளைங்க எங்கப்பா?” என்று அவர் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் விளக்கைப் பிடிக்க, ஒருவர் மழைக்குக் குடை பிடிக்க, ஒருவர் ஒலி பார்க்க, ஒருவர் தெருவில் வரும் மோட்டார்களை நிறுத்தி வைக்க, நான் படம்பிடித்தேன். மூன்று ஷாட்டுகள்தான் முடிந்தன. நான்காவது, செருப்பின் அண்மைக்காட்சி, பிறகு என் வீட்டு வாசலில் எடுக்கப்பட்டது. கூர்ந்து பார்ப்பவருக்கு நிழலின் திசை மாறியிருப்பது தெரியும்.

வராதவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. தேர்வும் வேலையும் வீட்டுப் பொறுப்பும் எல்லாருக்கும் உண்டு என்பதை அறிவேன். வர இயலாது என்று முதல்நாள் இரவே ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் தாயார் முன் நாங்கள் தலைகுனிய நேர்ந்திராது.

தலைப்பு எழுத்துகளுக்கு மட்டும் இரண்டு வாரம் ஆயிற்று. தொகுப்பு மென்பொருளில் தமிழைத் தட்டச்சு செய்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. பெயர்களை ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாம் என்று ஆலோசனை வந்தது, நான் இணங்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் வேறொரு செயலியில் எழுதி, படமாக மாற்றி, பின்னணி நீக்கி ஒட்டினோம். நம் பெயர் திரையில் பிழையின்றித் தமிழில் வந்ததைப் பார்த்தபோது, அந்த இரண்டு வாரத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தாற்போல் இருந்தது.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவே. படப்பிடிப்பில் பெரும்பகுதி உணவுக்கும் பயணத்துக்கும் போயிற்று. ஒலிவாங்கி ஒன்று வாங்கப்பட்டுக் கழகச் சொத்தாக உள்ளது. சிறு பற்றாக்குறையை இருவர் தற்காலிகமாக ஈடுசெய்துள்ளனர். உறுப்பினர் இருபத்தெட்டு பேரில் ஆண்டுச் சந்தா இருபது ரிங்கிட்டைச் செலுத்தியவர்கள் பதினொருவர். மூன்று முறை நினைவூட்டினேன். இரு சந்தாப் பணம் ஒருநாள் பசியாறலுக்குப் போதும் என்ற கணக்கில்தான் நாங்கள் அந்த விடியற்காலைகளை நடத்தினோம்.

இடம் தந்த கடைக்காரருக்கும், நடித்துத் தந்த தாயாருக்கும், ஆலோசகர் ஆசிரியருக்கும், தலைவருக்கும், செயலவையினருக்கும், திரையிடலுக்கு வந்திருந்த பெற்றோருக்கும் கழகத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு எனக்கு இறுதி ஆண்டு. செயலாளர் பொறுப்பில் தொடர இயலுமா என்று இப்போது உறுதிகூற முடியவில்லை. முக்காலி, ஒலிவாங்கி, மூலப்பதிவுகள் அடங்கிய வன்தட்டு ஆகிய மூன்றும் என் வீட்டில் பத்திரமாக உள்ளன. வாங்கிக்கொள்ள முன்வருபவரிடம் ஒப்படைப்பேன். இந்தத் தொடக்கத்தைப் பார்த்தவர்கள் செருப்பு யாருடையது என்று இன்னமும் கேட்கிறார்கள். அடுத்த பதினைந்து நிமிடக் கதை எழுதி முடிந்திருக்கிறது. அதை எடுக்கக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். அந்தத் தாயார் மீண்டும் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார். பெயர் கொடுக்கும் தாள் வாசல் மேசையில், சந்தா இரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உள்ளது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்