முன் கதவைத் திறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிட்னி நகர மையத்துக்கு மேற்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் இருக்கிறது ஹோம்புஷ் வெஸ்ட். சின்ன ஊர், ரயில் நிலையத்துக்குப் பெயர் மட்டும் பிளெமிங்டன். தமிழர், சீனர், கொரியர், நேபாளியர் எல்லோரும் ஒரே மாடிக் குடியிருப்பில், ஒரே நடைவழியில் கதவோடு கதவாக இருக்கிறோம். எல்லா வீட்டுச் சமையலுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு: நடைவழியில் அலறும் தீ எச்சரிக்கை மணி.

கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தால் நெடி ஏறும், வீட்டுக்குள் இருக்கும் புகை அறியும் கருவி கத்தும். உடனே கை முன் கதவுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துக் குசினிக்குப் புகைக்கூடு இருந்தது. கதவைத் திறந்தால் புகை முற்றத்துக்குப் போனது. இங்கே நடைவழிக்குத்தான் போகும். வீட்டுக் கருவி பெரும்பாலும் சத்தம் போடுவதோடு சரி. நடைவழிக் கருவி தானியங்கி அமைப்போடு இணைந்திருந்தால் தீயணைப்புப் படைக்கே செய்தி போய்விடும். பல கருவிகள் உள்ளே ஒளி சிதறுவதை வைத்தே புகையை அறிகின்றன. எண்ணெய்த் துளியும் நீராவியும் சாம்பிராணிப் புகையும் ஒளியைச் சிதறடிப்பவைதான். கருவிக்கு வேறுபாடு தெரியாது. வீணான அழைப்பு ஒன்றுக்கு 1,600 டொலர் வரை கட்டணம் வரலாம். அது கடைசியில் மணியை அடிக்கவைத்த வீட்டின் தலையிலோ எல்லோர் தலையிலுமோ விழும்.

ஆகவே முன் கதவு மூடியே இருக்கட்டும். அடுப்பை அணைத்து, யன்னலையும் பல்கனிக் கதவையும் திறந்து, கருவியின் கீழே துவாயால் விசிறுங்கள். வறுக்கத் தொடங்குமுன்பே அடுப்புக்கு மேலுள்ள மின் புகைபோக்கியைப் போட்டுவிட வேண்டும். பல வீடுகளில் அது வெளியே குழாய் இல்லாதது. கரி வடிகட்டி வழியாகக் காற்றை மறுபடி குசினிக்குள்ளேயே விடுகிறது. அதன் உலோக வலையை மாதம் ஒருமுறை சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் ஊறவைத்துக் கழுவுங்கள். கரி வடிகட்டியைப் பெரும்பாலும் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்துத் தாச்சியை மூடுங்கள்.

கருவியைப் பிளாஸ்டிக் பையால் மூடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, இரவில் உண்மையாகவே தீப்பிடித்தால் அந்தப் பை உயிரை எடுத்துவிடும். சமைக்கும் போதெல்லாம் கத்தினால், சமையல் புகைக்கு எளிதில் கத்தும் அயனி வகையை மாற்றி, ஒளி சிதறுவதை வைத்து அறியும் ஒளிமின் வகை பொருத்தும்படி வீட்டு உரிமையாளருக்கு எழுதுங்கள். பழுதான கருவியை அவர் இரண்டு வேலை நாட்களுக்குள் திருத்தியாக வேண்டும். உண்மையான தீ என்றால் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 000 அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘ஃபயர்’ என்று மட்டும் சொல்லி இணைப்பிலேயே இருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

நடைவழி அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் மட்டும் தொங்குவது எங்களுக்கு மனவருத்தம். ‘சமையல் புகை வந்தால் முன் கதவைத் திறக்காதீர்கள்’ என்ற ஒரு வரியைத் தமிழிலும் சீனத்திலும் கொரிய, நேபாள மொழிகளிலும் எழுதி ஒவ்வொரு முன் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டும்படி கட்டட நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
குடியிருப்பாளர் சிலர்,
ஹோம்புஷ் வெஸ்ட்